மச்சான் பேருக்கு

படிவத்தில் 'பெறுபவர் பெயர்' என்றிருந்த கட்டத்தின் மேல் பேனாவை ஊன்றிக்கொண்டு சுருளிவேல் நின்றே இருந்தான். கம்பத்தில் அந்த வங்கிக்குள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பின்னால் நின்ற கிழவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டார்.

"அண்ணே, பிரான்சுல சுந்தரலிங்கம்னு ஒரு கணக்கு நம்மகிட்ட ஏற்கெனவே பதிஞ்சிருக்கு. அதுக்கே போட்டுரவா? இல்ல, புதுசா எதும் வச்சிருக்கீகளா?" கவுண்டருக்குள்ளிருந்து விஜய்ராஜ் கேட்டான்.

புதுசும் இருந்தது. தங்கை நாகஜோதி காலையிலேயே போனில் அனுப்பியிருந்தாள். எழுத்தும் எண்ணுமாக இருபத்தேழு இலக்கக் கணக்கு நம்பர். போன வருடம் பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஆபீசைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனபோது அவள் பேரில் திறந்த கணக்கு அது. "இதுலயே போடுண்ணே, மறந்துராத" என்று குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள்.

சுந்தரலிங்கம் அவள் புருஷன். கல்யாணமாகி இருபது வருடமாக இரண்டு பேரும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை, வேலை பார்த்த ஓட்டல் சமையற்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. இப்போது சவக்கிடங்கில் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை வரைதான் வைத்திருப்பார்களாம். அதற்குள் நாலாயிரம் யூரோ கட்டினால் எரிக்கலாம். கட்டாவிட்டால் நகராட்சிக்காரர்களே எடுத்துப்போய்ப் புதைத்துவிடுவார்கள்.

"எரிக்கணும்ணே. ஒரு பிடி சாம்பலாச்சும் கொண்டாந்து நம்ம சுருளி அருவித் தண்ணியில கரைக்கணும். அவுகள அங்கன மண்ணுக்குள்ள விட்டுட்டு நான் எப்பிடிண்ணே ஊருக்கு வருவேன்?" என்று திங்கட்கிழமை முழுக்க அழுதாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பழுக்காத திராட்சைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, நாலு லட்சத்துச் சொச்சம் சேர்த்துவிட்டான். அதில் குறை சொல்ல முடியாது. பேரில்தான் மாட்டிக்கொண்டான். பெண் கொடுத்த வீட்டுக்கு எது செய்தாலும் ஆம்பளை பேரில் செய்வதுதான் முறை. மூன்று வருடத்துக்கு முன் சுந்தரலிங்கம் அங்கே சின்னதாகச் சாப்பாட்டுக்கடை போட்டபோது அனுப்பிய செய்முறைப் பணமும் அவர் பேருக்கே போனது. கடை ஆறு மாதம் தாங்கவில்லை, அது வேறு கதை. இன்னும் அந்த மனுஷனைச் சுடுகாடு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அதற்குள் அவர் பேரை அடித்துவிட்டுப் பொம்பளை பேரை எழுதுவதா? மச்சானுக்கு என்ன மரியாதை? நாளைக்குச் சொந்தபந்தம் கேட்டால்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

"பழசுக்கே போடுங்க தம்பி."

"என்ன செலவுக்குன்னு போட?"

மச்சான் செத்துப்போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. "குடும்பச் செலவு" என்றான். உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்தப் பையனே தடுத்திருப்பான்.

வியாழக்கிழமை மத்தியானம் வீடு முழுக்கத் துக்கம் விசாரிக்க வந்த ஆட்கள். அவன் பொண்டாட்டி தேவயானி எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"அண்ணே, காசு வரலண்ணே."

"வந்திருக்குமே ஆத்தா. அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டாகளே. மச்சான் கணக்கப் பாரு."

 

"யாரு கணக்க?"

"மச்சான் கணக்கத்தான்."

"அதத் திங்கக்கெழமையே பூட்டிட்டாகண்ணே. செத்தவுக கணக்குல எதயும் ஏத்த மாட்டாகளாம். நாந்தான் எம் பேர்ல போடச் சொன்னேன்ல?"

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல ஆத்தா..."

"மொறையா?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இருவது வருசமா நீ செஞ்சதெல்லாம் அவுக பேர்லதான். நான் ஒண்ணும் சொல்லல. நானா வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணு. அதக்கூட எங் கையில குடுக்க ஒனக்கு மனசு வரலயேண்ணே."

பைக்கை முறுக்கிக்கொண்டு கம்பத்துக்குப் பறந்தான். விஜய்ராஜ் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அந்த ஊர் வங்கி பணத்தைத் திருப்பிவிட்டது, இங்கே வந்து சேரப் பத்து நாளாகலாம். புதிதாக அனுப்பினாலும் திங்கட்கிழமைக்கு முன்னால் சேராது. "எறந்துட்டாகன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றான். சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் தேவயானி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கூடப் பொறந்தவ பேர எழுதக் கை கூசுச்சாக்கும்?"

நாகஜோதி கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டு நானூறு யூரோ திரட்டியிருந்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. வீடியோவில் அங்கே காலை நேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. நீல உடுப்புப் போட்ட நாலு பேர் பெட்டியை வாரில் கட்டிக் குழிக்குள் இறக்கினார்கள். கொட்டும் இல்லை, குலவையும் இல்லை. அவளோடு வேலை பார்க்கும் மூன்று பொம்பளைகள் குடை பிடித்து நின்றார்கள்; அதில் ஒருத்தி போனையும் பிடித்திருந்தாள்.

"மூணு பிடி மண்ணு தள்ளுத்தா" என்றான் சுருளிவேல். தள்ளினாள். இங்கே பொம்பளைகள் ஓங்கி அழுதார்கள். அங்கே அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். தன்னால்தான், தன்னால் மட்டும்தான் இது.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் திராட்சைப் பந்தலுக்குள் போனான். அவள் இடுகாட்டை விட்டு நடந்துகொண்டிருந்தாள். போட்டிருந்தது மச்சானுடைய கோட்டு. கோட்டுக் கையை இரண்டு மடிப்பு மடித்தும் விரல் வெளியே தெரியவில்லை.

"நாகு... காசு திரும்பி வந்ததும் ஒம் பேர்லயே போட்டுர்றேன் ஆத்தா."

"இனி என்னத்துக்குண்ணே."

"தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா."

அவள் அவனைப் பார்த்தாள்.

"பஸ்ஸு வந்திருச்சுண்ணே" என்றாள்.

போனை அணைக்காமலே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரை இருண்டது. சுருளிவேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு பந்தலுக்கடியில் குந்தினான். துணி உரசுகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். யாரோ ஓர் ஆம்பளை என்னமோ கேட்டான். அவள் அந்த ஊர்ப் பேச்சிலேயே நாலு வார்த்தை பதில் சொன்னாள். தங்கை அந்தப் பேச்சுப் பேசி இந்த இருபது வருடத்தில் அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பஸ் கிளம்பியது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.