எல்லாவற்றுக்கும் பூஜ்யம்

காலையில் எழுகிறேன். பால் காய்ச்சுகிறேன். அத்தைக்கு ஒரு டீ, எனக்கு ஒரு டீ. அத்தையின் சர்க்கரை மாத்திரையை எடுத்து டம்ளர் பக்கத்தில் வைக்கிறேன். குளிக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். ஷூ மாட்டும்போது போன் அடிக்கிறது. செவ்வாய்க்கிழமை என்றால் கட்டாயம் அடிக்கும்.

“வணக்கம் சார். டீச்சரோட பேசலாமா? ஆபரேஷன் ஆய்வுலேர்ந்து கூப்பிடுறோம்.”

“அவங்க இறந்துட்டாங்க.”

“அய்யோ. மன்னிச்சிடுங்க சார். தகவல் சொல்லிடறேன்.”

அடுத்த செவ்வாய் வேறு குரல். அதே வணக்கம். நான் அதையே சொன்னேன். அந்தக் குரலும் அய்யோ என்றது. அதற்கடுத்த வாரம் இன்னொரு குரல். செவிடன் காதில் ஊதிய சங்குகூட இதைவிடப் பலன் தரும்.

டீச்சர் என் மனைவி. குடலில் கட்டி இருந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அந்த மருத்துவமனையில் ஓர் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குப் போடும் சிறுநீர்க் குழாயை மறுநாளே எடுத்துவிடலாமா, சில நாள் விட்டு எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். சேருகிறீர்களா என்று கேட்டதும் தலையாட்டினாள். அவளுக்கு மறுநாளே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை போனில் கேள்வி கேட்பார்கள். இரண்டாவது போன் வந்த நாள், அது வருவதற்கு முன்பே நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது நினைவில்லை. பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர் உள்ளேயே தேங்கி, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தொண்டையில் குழாய் போட்டார்கள். கண் திறக்காமலே போய்விட்டாள்.

அத்தை என்றால் அவளைப் பெற்றவர். காரியத்துக்கு வந்தவர் என்னோடே தங்கிவிட்டார். தினமும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். “கடைசியா என்ன மாப்ளே சொன்னா?” டீயைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன செவ்வாய் நான் குளியலறையில் இருந்தபோது போன் அடித்தது. அத்தை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?”

“நாலு தரம்மா. வெயில் காலத்துல மூணு.”

“அவசரமா வந்து அடக்க முடியாம போகுதா?”

“பஸ்ல போனா அந்தக் கதிதான். இறங்கறதுக்குள்ள உயிர் போயி உயிர் வரும்.”

“வலி இருந்தா பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க.”

“முட்டிக்கா, இடுப்புக்கா?”

துண்டோடு ஓடிவந்தேன். அதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

“யாரு அத்தை?”

“டீச்சர் வீடான்னு கேட்டா. ஆமான்னேன். தங்கமான பொண்ணு மாப்ளே. இந்த வீட்டுல என்னை யாரு இப்படி விசாரிக்கிறாங்க?”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்குப் போனேன். ஆய்வு அலுவலகம் மேல் மாடியில். அவர்கள் லிஃப்ட் தளத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. எனக்கு லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு வேலை. கண் தானாகப் போகும். உள்ளே தடுப்புத் தடுப்பாக மேசைகள், ஹெட்போன் மாட்டிய பெண்கள். ஓரத்தில் கண்ணாடி அறை, அதில் ஆய்வை நடத்தும் டாக்டர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

“போன் பண்றவங்களுக்கு நோயாளியைப் பத்தி எதுவுமே தெரியக் கூடாது சார். குழாயை எப்ப எடுத்தாங்க, எப்படி இருக்காங்க, எதுவும். தெரிஞ்சா பதிலைத் தங்களை அறியாம ஒரு பக்கம் சாய்ச்சிடுவாங்க. அதனாலதான் வாரா வாரம் ஆள் மாத்தறோம்.”

“செத்துப்போனதுகூடவா தெரியக் கூடாது?”

“அதை ஒரு டாக்டர் கம்ப்யூட்டர்ல ஏத்தினா போன் நின்னுடும்.”

“எந்த டாக்டர்?”

“நான்தான்.”

“ஏத்துங்க.”

“எனக்குத் தகவலே வரலையே சார். நோயாளி வீட்டுல பேசறதை அவங்க எங்கிட்ட சொல்லக் கூடாது, எண் மட்டும்தான் வரும். எனக்கும் தெரியக் கூடாதில்ல?”

அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

“ஆனா உங்க மிஸஸ் ரொம்ப நல்லா இருந்திருக்காங்க. பூஜ்யம்னா தொல்லையே இல்லைன்னு அர்த்தம். ரெண்டாவது போன்ல எல்லாத்துக்கும் பூஜ்யம். இந்த ஆய்வுலயே அவங்கதான் முதல். இன்னிக்குக் காலையிலதான் திடீர்னு மோசமாயிருக்காங்க. ராத்திரி நாலு தடவை…”

“அது என் மாமியார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றினார்.

திரையில் இருந்த கேள்விகளைப் படித்தேன். ராத்திரி எழுந்திருக்கிறீர்களா. அவசரமாக வருகிறதா. ஒழுகுகிறதா. வலிக்கிறதா. அவ்வளவுதான்.

“டாக்டர், ஓடாத லிஃப்ட்ல ஆட்டம் இருக்காது. சத்தம் இருக்காது. யாரும் நடுவுல மாட்டிக்க மாட்டாங்க. புகார் பூஜ்யம். அதை நல்ல லிஃப்ட்னு எழுதுவீங்களா?”

“புரியல.”

“ஒழுகுதான்னு கேக்கறீங்க. வருதான்னு ஒருத்தரும் கேக்கலையே.”

அவர் திரையைப் பார்த்தார்.

“வார்டுல அதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பறோம். அதனால போன்ல வைக்கல. நரம்பு மரத்துப்போனா வலிகூடத் தெரியாதுதான்…” குரல் இறங்கியது.

“அவளோட பூஜ்யத்தை வெச்சுக்கிட்டு, மறுநாளே எடுக்கலாம், ஒரு தொல்லையும் இல்லைன்னு எழுதிடுவீங்க. அந்தப் பூஜ்யம் பொய்னு போடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

“இறந்ததை இப்பவே ஏத்தறேன். மாமியார் சொன்னதை அடிச்சிடறேன். ஆனா பூஜ்யம் அவங்க வாயால சொன்ன பதில். உங்க யூகத்தை வெச்சு அதுமேல நான் கை வைக்க முடியாது சார். அவங்களே வேற ஏதாவது சொல்லியிருந்தா எழுதலாம். உண்மையில என்ன சொன்னாங்க? அவங்க வார்த்தையிலேயே?”

வீட்டில் அத்தை, இங்கே இவர். எல்லோருக்கும் அதே கேள்வி.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்குப் போயிட்டேன்! அன்னிக்கு டீச்சர்கிட்ட பேசி பூஜ்யம் போட்டது நீங்கதானே!”

கத்திவிட்டேன். அவள் போன பிறகு நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வெளியே ஹெட்போன்கள் இறங்கின. ஒரு பெண் எழுந்து கதவருகே வந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை பார்ப்பவள் போலிருந்தாள்.

“மார்க்கெல்லாம் போட்டுத் தமாஷ் பண்ற டீச்சரா சார்? அன்னிக்கு நான்தான் பேசினேன்.”

“ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?” என்றார் டாக்டர்.

“கட்டத்துல எண் மட்டும்தான் சார் ஏறும், எழுத்து ஏறாது. எதையும் விளக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. தொந்தரவு இருந்தா வார்டுக்குப் பேசுங்கன்னு கேள்வித்தாள்ல இருக்கிற கடைசி வரியைப் படிச்சேன்.” என் பக்கம் திரும்பினாள். “தமாஷுன்னு நினைச்சேன் சார். சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. வீட்டுக்குப் போனப்புறம்தான் ஒரு மாதிரி இருந்தது. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எங்கிட்ட யாருமே சொல்லல.”

டாக்டர் பேனாவை எடுத்தார். “ஒரு வார்த்தை மாறாம சொல்லு.”

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“எல்லாத்துக்கும் பூஜ்யமா? என் கிளாஸ்ல இப்படி வாங்கினா, போய் அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லிடுவேன். நேத்துலேர்ந்து ஒண்ணுக்கே வரலம்மா, அதுக்கு எத்தனை மார்க்?”