வெள்ளைக் கதவு

பாய்லர் மறுபடி நின்றுபோனதை யூனா முதுகால்தான் அறிந்தாள். சமையலறை ரேடியேட்டரில் சாய்ந்தபடி உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். முதுகிலிருந்து சூடு மெல்ல விலகியது.

கத்தியை வைத்துவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனாள். மண்ணெண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாய்லருக்கென்று ஒரு சின்ன அறை. ஓர் ஆள் நின்றால் நிறைந்துவிடும். வெள்ளைக் கதவைத் திறந்தாள். பாய்லரின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விர்ரென்று ஒரு சுழற்சி, பிறகு தும்மென்று தீப்பிடித்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். இருபது நிமிடம். மறுபடி நின்றது.

இரண்டு வாரமாக இப்படித்தான். அவள் கணவன் கோல்மன் முற்றத்துப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் இரண்டு வாரத்துக்கு முன்புதான். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அன்று காலையில் மாவட்ட நர்ஸ் ஜசிந்தா வந்து பார்ப்பாள். வீடு சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதியோர் இல்லம்.

"ரெண்டே ரெண்டு வாரம்தான் யூனாம்மா" என்றாள் ஜசிந்தா தொலைபேசியில்.

அந்த இரண்டு வாரத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர் என்று அந்த ஏரிக்கரையில் யாரும் இல்லை. போனவர்களில் மூன்று பேரை யூனாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்.

கோல்மனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவான். தினமும் பாய்லரை விசாரிப்பான்.

"கிழவி எப்படி இருக்கா?"

"எந்தக் கிழவி?"

"முற்றத்துல இருக்கிறவ."

"அவளுக்கென்ன. நல்லா இருக்கா."

குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டு சொல்வாள்.

புதன்கிழமை பீலிம் வந்தான். பதினைந்து வருடமாக அந்தப் பாய்லருக்கு அவன்தான் வைத்தியன். முதலில் டீ.

"வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

"ஒரு வாய்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்."

"கேக் இருக்கு."

"சரி. நின்னுக்கிட்டே குடிக்கிறேன்."

கதவை அகலத் திறந்து போட்டுக்கொண்டு மண்டியிட்டான். எண்ணெய் வடிகட்டியைக் கழுவினான். எண்ணெய் பீச்சும் நாசிலை மாற்றினான். தீ எரிகிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் கண்ணைத் துடைத்தான்.

"உள்ளே ஒரே கரி. மூச்சு முட்டுது இவளுக்கு" என்று காற்றுத் திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டான். பாய்லர் ஒரு மணி நேரம் பிசகாமல் ஓடியது. "பாத்தீங்களா? பூனைக்குட்டி மாதிரி."

அவன் வேன் சாலையில் திரும்பியதும் யூனா போய்க் கதவைச் சாத்தினாள். அவன் குடித்த கோப்பையைக் கழுவி, மாவு பிசைந்து ரொட்டியை அடுப்பில் வைப்பதற்குள் ரேடியேட்டர் ஆறிவிட்டது.

வியாழக்கிழமையும் வந்தான். அன்றும் அதே கதை.

"நான் இருந்தா ஓடுறா, நான் போனா படுத்துக்கிறா. என் மேல ஆசை போல."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா."

"இனி கன்ட்ரோல் பெட்டி ஒண்ணுதான் பாக்கி. டப்ளின்லேர்ந்து வரணும். திங்கக்கிழமை ஆயிடும்."

"எனக்குச் சனிக்கிழமைக்கு வேணும் பீலிம்."

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "கோல்மன் இருந்தா என்ன செய்வார்னு தெரியல. இதோட பாஷை அவருக்குத்தான் தெரியும்."

அது உண்மைதான். பாய்லர் வந்தது எண்பத்தாறாம் வருடம். அதற்கு முன்பு வீட்டில் சூடான அறை ஒன்றே ஒன்று, சமையலறை. பிள்ளைகள் அடுப்பெதிரே உடுப்பு மாற்றிக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். பாய்லர் மூட்டிய அன்று கோல்மன் காலணியைக் கழற்றிவிட்டு அறை அறையாக நடந்தான். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் கையை வைத்தான். பிறகு அவள் கையையும் பிடித்து வைத்தான். பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியின் ஆவியில் பெயர் எழுதினார்கள். மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு முற்றத்தில் தும்மென்று கேட்டது. "எழுந்துட்டா" என்றான் கோல்மன், கண்ணைத் திறக்காமல். அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் அந்தச் சொல்லில்தான் அவளுக்கு விடிந்தது. பிள்ளைகள் போனார்கள், நாய்கள் மாறின, பாய்லரே ஒருமுறை மாறியது. சொல் மாறவில்லை.

அவனிடம் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அந்த அறைக் கதவைச் சாத்தமாட்டான்.

முன்பு அங்கே இருந்தது பலகைக் கதவு. அடியில் உளுத்துப்போய், பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி. யூனாவின் தங்கை தன் வீட்டைப் புதுப்பித்தபோது நல்ல பிளாஸ்டிக் கதவு ஒன்று மிஞ்சியது. வெள்ளை நிறம், விளிம்பெல்லாம் ரப்பர். யூனா கேட்டு வாங்கி வந்தாள். கோல்மன் ஒரு வார்த்தை பேசாமல் மாட்டினான். மாட்டிய மறுநாளே ஏரியிலிருந்து ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தான். பதினோரு வருடம் அது திறந்தே கிடந்தது.

"ஏன்யா, இது வீடா சத்திரமா? அத்தனை நல்ல கதவு!"

"ம்" என்பான்.

அவள் சாத்துவாள். அவன் உடனே திறப்பான். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று, நலம் விசாரிக்க ஆட்கள் வருவார்களே என்று முற்றத்தைக் கூட்டினாள். கல்லைத் தூக்கி ரோஜாப் பாத்திக்குக் கரையாக வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை பீலிம் கூப்பிடாமலே வந்தான். யாரோ கழித்துப்போட்ட பாய்லரிலிருந்து ஒரு பழைய கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தான். மாட்டினான். "பிரார்த்தனை பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேறு வீட்டுக்கு ஓடினான். கோப்பையையும் தட்டையும் பாய்லர் மேலேயே விட்டுப் போயிருந்தான். யூனா இரண்டையும் இரண்டு கைகளில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. விரைந்தாள்.

கோல்மன்தான்.

"நாளைக்கு வந்துடுவேன்ல?"

"வருவே."

"இங்க ஒரு ஆள் ராத்திரி பூரா பாடுறான் யூனா. அதுவும் தப்பாப் பாடுறான்."

அவன் பேசிக்கொண்டே போனான். கேட்டுக்கொண்டிருந்தவள் எப்போது கோட்டைக் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பேசி முடித்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ரேடியேட்டரில் சாய்ந்திருந்த முதுகு சுட்டது.

பெட்டிதான், என்று நினைத்தாள். பீலிமுக்கு ஒரு முழு கேக் செய்து கொடுக்க வேண்டும். முற்றத்துக்குப் போனாள். கதவு திறந்து கிடந்தது. கை தானாகப் போய்ச் சாத்தியது.

இருபது நிமிடத்தில் நின்றது.

கதவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு திறந்தாள். உள்ளிருந்து கரிநெடி முகத்தில் அடித்தது. மூச்சு முட்டுது இவளுக்கு என்று பீலிம் சொன்னது நினைவுக்கு வந்தது; ரப்பர் விளிம்புக் கதவு காற்றை உள்ளே விடவில்லை. பொத்தானை அழுத்தி, கதவைத் திறந்தபடி விட்டு, முற்றத்திலேயே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். மழை தூறியது. அரை மணி ஓடியது. ஒரு மணி ஓடியது. எழுந்து இன்னொரு முறை சாத்திப் பார்த்தாள். தெரிந்துகொள்ள அல்ல, தெரிந்ததை நம்ப முடியாமல். நின்றது.

ரோஜாப் பாத்திக்குப் போய்க் கல்லைத் தோண்டி எடுத்தாள். கதவோரத்து சிமென்ட்டில் அதன் வடிவத்திலேயே ஒரு வெளுத்த தடம் இருந்தது. அதன் மேல் வைத்தாள்.

மறுநாள் காலை ஜசிந்தா கூடத்தில் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். மதியம் பீலிமின் வேனில் கோல்மன் வந்தான். பின்பக்கமாகத்தான் வருவேன் என்று அடம் பிடித்தான். ஊன்றுகோலோடு முற்றத்தில் ஒரு கணம் நின்றான். பாய்லர் அறையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். ஊன்றுகோலை முன்னே வைத்து உள்ளே நடந்தான்.

பீலிம் போன பிறகு யூனா ரேடியேட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தாள்.

"ஏன்யா சொல்லல?"

"எதை?"

"கதவை."

அவன் ரேடியேட்டரில் கையை வைத்தான்.

"உனக்குப் பிடிச்ச கதவு."

"பதினோரு வருஷம் திட்டினேனே!"

"என்ன பெரிய திட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேத்திலில் தண்ணீர் கொதித்தது.

"நீயும்தான் சொல்லல. அவ நல்லா இருக்கான்னியே. பீலிம் வர்ற வழியில எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றான் கோல்மன்.

"டீ வேணுமா?"

"வேண்டாம். இப்பத்தான் குடிச்சேன்."

அவள் இரண்டு கோப்பைகளை எடுத்தாள். முற்றத்தில் தும்மென்று கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். கோல்மன் அவளுக்கு விட்டுக்கொடுத்தான்.

"எழுந்துட்டா" என்றாள் யூனா.