புரைக்குள் பேசியவர்

ஜெயசிங்கின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து நேசபாய் கட்டிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய ஏழெட்டுப் பேரில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. கண் தெரியாத ஒருவரைக் கைபிடித்து அழைத்துவந்த பெண், சவப்பெட்டியருகே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். வீட்டில் அதுவரை யாரும் அப்படி அழவில்லை.

அழுகை அடங்கியதும் அவள் நேசபாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சுனிதா. அஞ்சுகிராமத்துல நர்சு. இவரு கிருஷ்ணமணி சார், பாட்டு வாத்தியாரு. நாங்க எல்லாரும் பாட்காஸ்ட் செய்யுறவங்க."

"அப்படின்னா?"

"ரேடியோ மாதிரிதான். அவங்கவங்க வீட்டுல இருந்து போன்ல பேசி இன்டர்நெட்டுல போடுவோம். பைசாவுக்கு இல்ல, ஒரு ஆசைக்கு. ஒருத்தரு பேசுனத இன்னொருத்தரு கேட்டுத் திருத்துவோம். எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தது ஜெயசிங் அண்ணன்தான்."

"காத்துச் சத்தம் விழாம இருக்க மைக்குக்கு ஒரு பஞ்சு உறை தச்சு எனக்குத் தபால்ல விட்டாரு," என்றார் கிருஷ்ணமணி.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஜெயசிங் ரப்பர் ஷீட் காயப்போடும் புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். குடிக்கிறார் என்று நேசபாய் நினைத்திருந்தாள்.

"என்ன பேசுவாரு?"

"என்னதான் பேசமாட்டாரு? ரப்பரு, மழை, மீன்கறி... சிரிச்சு நமக்கு வயிறு வலிக்கும். மைனி, அதான் அவருக்க பெஞ்சாதி, எறந்த பொறவு தனியாத்தான் இருக்கேன்னு சொல்லுவாரு. பாவம்."

கட்டிய நூலின் நுனியை நேசபாய் விரலால் நீவினாள்.

"அவ செத்து எத்தன வருசம் ஆச்சாம்?"

"பத்து."

பத்து வருடத்துக்கு முன்புதான், மகள் லிஜா விரும்பியவனைப் படியேற்ற மாட்டேன் என்று நேசபாய் கதவை அடைத்தாள். லிஜா போனவள் போனவள்தான்; அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. அன்றிலிருந்து ஜெயசிங் நேசபாயிடம் பேசியதெல்லாம் "சோறு", "குடை", "வாறேன்".

"கேக்குதீங்களா?" சுனிதா போனை அவள் காதருகே வைத்தாள்.

"மக்களே, கேக்குதா? இன்னைக்கு நம்ம வீட்டுல நெத்திலி..." நடுவிலேயே ஜெயசிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநேரம் சிரித்தார். பெட்டிக்குள் அவருடைய தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"போதும்," என்றாள் நேசபாய்.

"நீங்க அண்ணனுக்க தங்கச்சியா?"

"ஆமா. தங்கச்சி."

கல்லறைத் தோட்டத்தில் ஜெபத்தை முடித்த போதகர், "மொதல்ல மனைவி வந்து மண்ணு போடட்டு," என்றார். நேசபாய் அசையவில்லை. போதகர் அவளைப் பெயர் சொல்லி மறுபடியும் அழைத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"ஆரு போறது?" என்று கிருஷ்ணமணி கேட்டார்.

காலையில் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. நேசபாய் ஒரு பிடி அள்ளிக் குழிக்குள் போட்டாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்தது விழவில்லை. கையை உதறினாள். மறுபடியும் உதறினாள்.