மிச்சம் வைக்காதவர்

சாயங்கால மணி அடித்ததும் எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். வரிசையின் கடைசியில் மூன்று சோலார் பேனல்கள் பாக்கி. பாய்லர் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். பேனலின் ஒரு விளிம்பைத் தோளில் தாங்கியபடி அவர் மனைவி நின்றாள்.

"ஏங்க, மணி அடிச்சாச்சு."

"கேட்டுது."

"கேட்டா எந்திரிக்கணும்."

"மூணுதான். மிச்சம் வெச்சுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

"உங்களுக்குத்தான் வராது. எனக்கு நல்லா வரும்."

சொன்னாளே தவிர தோளை எடுக்கவில்லை. எடுத்தால் அது அவர் தலையில் விழும். சொட்டை விழுந்த அந்தத் தலைமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஓட்டியதால் அவருக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு வரும் பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பாய்லர் அறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: அடுத்த ஷிஃப்ட்டுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. அள்ளாத சாம்பலை விட்டுவிட்டுப் போவது, தான் சாப்பிட்ட எச்சில் தட்டை இன்னொருவன் முன்னால் தள்ளிவிட்டுப் போவதற்குச் சமம். அடுத்து வருகிறவன் ஒன்றும் சொல்ல மாட்டான். ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே அங்கே இருந்தவர்கள் வயதானார்கள்.

புகை வேண்டாம், இனி வெயில் போதும் என்று அரசாங்கம் முடிவு செய்து நிலையத்தை மூடியபோது குவார்ட்டர்ஸில் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. கொடியில் காயும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. மகளுக்கு இளைப்பு நின்றது. நிலையத்துக்குப் பின்னால் சோலார் பேனல் போடும் வேலை கிடைக்கும் என்றார்கள். அந்த வேலை முடியும்வரை குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே குடியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆண்கள் 'வேலை' என்ற சொல்லோடு திருப்தியாகிவிட்டார்கள். பாய்லரின் மனைவிதான் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள்.

"முடியும்வரைன்னா எதுவரைக்கும் சார்?"

"வருஷம் ஓடிடும்க்கா," என்றார் இளம் எஞ்சினியர். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. மகளின் பள்ளி இறுதித் தேர்வு அதற்குள் முடிந்துவிடும். பள்ளிக்கூடம் குவார்ட்டர்ஸ் மதிலுக்கு அந்தப் பக்கம். பாய்லரின் மனைவிக்கு அது போதும் என்று இருந்தது. அவளும் பேனல் தூக்க வந்துவிட்டாள்.

எஞ்சினியரின் கணக்கு மற்ற இடங்களைப் பார்த்துப் போட்ட கணக்கு. பாய்லர் அறை ஆட்களை அவர் அதில் சேர்க்கவில்லை. அன்றன்றைய வரிசையை அன்றன்றைக்கே முடித்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஊர் ஊராகப் பேனல் போட்டுப் பழகிய மேஸ்திரி எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு பாய்லரிடம் வந்தார்.

"பாய்லரண்ணே, இது ஓட்டுற வேலை இல்ல, கட்டுற வேலை. அங்க நீங்க எவ்வளவு எரிச்சாலும் மறுநாள் கரி வந்துச்சு. இங்க பேனல் தீந்தா நாமளும் தீந்தோம்."

"அதுக்காக சோம்பேறித்தனம் பண்ணச் சொல்றியா?"

"நல்லா செய்ங்க. நாளைக்கும் கொஞ்சம் வெச்சுட்டு செய்ங்க."

"போட்டு முடிச்சப்புறம் இத யாராவது பாத்துக்கணும்ல?"

மேஸ்திரி எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் தரையைப் பார்த்தார்.

"நாலஞ்சு பேர் போதும்ண்ணே," என்றார் மேஸ்திரி. "அதுக்குப் படிச்ச பசங்க வெளியூர்லேர்ந்து வர்றாங்க. துடைக்கிறதுக்கு மெஷின் இருக்கு."

அன்று மாலை வீட்டில் பெரிய பஞ்சாயத்து.

"நுனிக்கொம்புல உக்காந்துக்கிட்டு அடிக்கொம்ப வெட்றீங்க," என்றாள் மனைவி. "நீங்க விழுந்தா பரவால்ல. பரீட்சை எழுதுறவளையும் சேத்து உக்கார வெச்சிருக்கீங்க."

"சரி, விடு. நாளையிலேர்ந்து நான் ஆமை."

மறுநாள் ஆமை வேலைக்குப் போனது. ஒரு போல்ட்டை முடுக்கியது, கழற்றியது, துடைத்தது, மறுபடி முடுக்கியது. வானத்தைப் பார்த்தது. மதியத்துக்குள் அவர் முகம் காய்ச்சல் கண்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேனலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வரிசையில் பாதி முடிந்திருந்தது.

அடுத்த நாள் ஸ்பேனரைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்தாள். அவர் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கி முடித்தார். பழைய கதை ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். கதை வாயில் ஓடியது, வேலை கையில் ஓடியது.

"வேணும்னே பண்ணல. கை கேக்க மாட்டேங்குது," என்று அவர் குற்றவாளிபோலக் கையை நீட்டிக் காட்டினார். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

பரீட்சைக்கு வெகு நாள் முன்பே கடைசிப் பேனலும் ஏறிவிட்டது. பந்தல் போட்டு விழா நடத்தினார்கள். இந்தத் திட்டத்தால் இத்தனை நூறு பேருக்கு வேலை என்று பந்தல் முகப்பில் பெரிதாக எழுதியிருந்தது. அந்த எண்ணிக்கையில் பாய்லரும் உண்டு, அவர் மனைவியும் உண்டு. பொத்தானை அமுக்க வந்த பெரியவர் பாய்லரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொன்ன நாளுக்கு முன்னாடியே முடிச்சுட்டீங்களாமே. உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும்."

பாய்லரின் முகம் மலர்ந்தது. மலரக் கூடாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் மலர்ந்தது.

மனைவி எஞ்சினியரை ஓரமாகக் கூப்பிட்டாள். "பரீட்சை முடியுற வரைக்குமாவது வீடு…"

"மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன்க்கா. வேலை முடிஞ்சுதா, முடியலையான்னு மட்டும்தான் கேக்கறாங்க." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவள்தான் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

அவளுடைய அண்ணன் வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. "பஸ்லயே படிச்சுக்கறேன்மா," என்றாள் மகள். அங்கே குடிபோக ஒரு நாள் காலையில் வண்டி வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் லைன்மேன் ஏணியோடு வந்தார். புதுப் பேனல்களிலிருந்து கிளம்பிய கம்பிகள் குவார்ட்டர்ஸ் கூரைகளுக்கு மேலாக நகரத்தை நோக்கிப் போயின.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. இந்த வீட்டு வரிசை பூராவும் இன்னிக்கே கரண்ட்டைத் துண்டிக்கச் சொல்லிட்டாங்க. தனியா அனுப்பிட்டாங்க, கூட ஒரு ஆளும் இல்ல."

கம்பத்தடியில் தரை சமமாக இல்லை. அவர் இரண்டு படி ஏறியதும் ஏணி ஆடியது. இறங்கி நகர்த்தி வைத்தார். மறுபடியும் ஆடியது. பாய்லர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய், ஏணியின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் ஒன்றைச் செருகி, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஏறுப்பா. பாத்து."

பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க திருந்தவே மாட்டீங்க." சொல்லிவிட்டு எழுந்து வந்து ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

மேலே கம்பி விடுபட்டது. வீட்டுக்குள் விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மகள் புத்தகத்தோடு வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்த படியில் உட்கார்ந்து, படித்துக்கொண்டிருந்த வரியை விரலால் தேடினாள்.