பஞ்சாலைக்கு விழுந்த ஓட்டு

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பேர் வாசிக்கும்போது "இருக்கேன்" என்று சொல்லாதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பதினாறு வயதில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் சீவ வந்த பஞ்சாலைக்கு இப்போது முப்பத்தைந்து. இத்தனை வருஷத்தில் தூக்கக் கலக்கத்திலும் காய்ச்சலிலும் அவள் வாய் அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டதில்லை. அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது.

மலாயாவில் தம்பினுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில், தொழிலாளர் சங்கக் கிளைத் தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்ப்பள்ளிக் கொட்டகையில் நடந்தது. தலைவர் பதவிக்குச் சன்னாசி கிடைத்துவிட்டார். வேலை வாங்கும் மண்டோருக்கு மச்சான், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தும்மினால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறவர். பெண்கள் பிரதிநிதிக்குத்தான் ஆள் இல்லை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், சம்பளம் இல்லாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு. அதுகூடப் பரவாயில்லை. வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் தொடங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. சங்கம் என்று வாயெடுத்தாலே காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்கு வேண்டியவள் என்று நினைக்கும் காலம். சந்தேகம் வந்தால் கேள்விமுறை கிடையாது, பிடித்துப்போகப் போலீஸ் லோரி வந்து வாசலில் நிற்கும்.

சிரம்பானிலிருந்து வந்த சங்கத்துக்காரர் மணியம், உறுப்பினர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெண்ணாகப் பேர் சொல்லி, "நிக்கச் சம்மதமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டு "முடியாதுங்க" என்றாள். பஞ்சாலை தூணில் சாய்ந்து நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.

"பஞ்சாலை!"

"இருக்கேன்!"

கொட்டகையே சிரித்தது. அடுத்த வீட்டு மயிலம்மாள்தான் முதலில் கை தூக்கினாள். "அவதான் இருக்கேங்கிறாளே, எழுதிக்கிங்கய்யா!" நாற்பது கைகள் எழுந்தன. பஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுப்பதற்குள் மணியம் எழுதி முடித்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன்? புருஷன் முருகையாவுக்குக் கெமாஸில் ரயில்பாதை வேலை; மாதம் ஒரு தடவை வந்தால் அதிகம். பிள்ளை இல்லை. அவள் வீட்டில் அவள் இருமல்தான் பேச்சுத் துணை. அப்படிப்பட்டவள் பேருக்கு நாற்பது பேர் கை தூக்கியிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து அவள் அடுப்படிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் ஒரே குறை, குடியிருப்பைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியின் வாசலில் நடக்கும் சோதனை. காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். பெண்களையும் ஆண் காவல்காரனே தடவினான். ஒரு பிடி அரிசியைத் தேடுகிற கை எங்கெல்லாம் போனது என்பதைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்கள். அவளோடு பால் சீவும் லெட்சுமி சொல்ல முடியாமல் அழுதாள்.

"நீதான் எங்க ஆளு. பொம்பளையச் சோதிக்கப் பொம்பளையப் போடச் சொல்லி தொரைகிட்டக் கேளு லா" என்றாள் மயிலம்மாள்.

தயங்கிய சன்னாசியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பஞ்சாலை கேட்டாள். துரை அரைகுறைத் தமிழில், "யாருக்கு நடந்தது? பேர் சொல்லு" என்றார்.

"எல்லாருக்குந்தாங்க தொரை."

"நல்லது. நாளைக்கு எல்லாரையும் கேட்கிறேன்."

மறுநாள் பெரட்டில் துரையே வந்து நின்றார். கிராணி உரக்கச் சொன்னார்: "வாசல்ல தொந்தரவு இருக்கிறவங்க ஒரு எட்டு முன்னால வாங்க."

பஞ்சாலை முன்னால் வந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். லெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலம்மாள் பால் சீவும் உளியின் கூர்முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சன்னாசி தொண்டையைச் செருமி, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தொரை" என்றார். துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கே அவள் அடுப்படி காலியாகிவிட்டது. குழாயடியில் அவள் போனால் பேச்சு நின்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். இது அதைவிடக் கொடுமையாக இருந்தது. ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டாள்.

"மயிலக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு இல்லடி. எம்மவ வள்ளிநாயகி திங்கக்கிழம வேலைக்கு வரா. தொரை கண்ணுல நாங்க படக்கூடாதுல்ல." சொல்லிவிட்டுப் பாதிக் குடத்தோடு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் பஞ்சாலை வாளியை இறக்கிவைத்தாள். "என்னைத் தொட ஆம்பளை வரக்கூடாது. பொம்பளைய அனுப்புங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு வேலி ஓரமாக உட்கார்ந்தாள். பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். சனிக்கிழமையும் அப்படித்தான். வேலை போய்விடும், லோரியும் வரலாம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தைவிட, தாண்டிப் போன காலில் ஒன்றுகூட நிற்காததுதான் அதிகம் வலித்தது. இவர்களுக்காகவா உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்து வாய்விட்டே அழுதாள்.

திங்கட்கிழமையும் வந்து உட்கார்ந்தாள். வரிசையில் புது ஆளாக வள்ளிநாயகி நின்றாள், பதினாறு வயதுப் பெண். அவளுக்குப் பின்னால் மயிலம்மாள். காவல்காரன் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பினான். அவன் கை இடுப்புக்கு இறங்கியதும் அவள் மரம் மாதிரி விறைத்துப்போய், "அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மயிலம்மாள் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். இழுத்துக்கொண்டே போய்ப் பஞ்சாலைக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போக்கா, வேலை போயிரும்" என்றாள் பஞ்சாலை.

"போவட்டும்." மயிலம்மாள் மகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "எம்பொண்ணு மேல கை படறவரைக்கும் எனக்கு ஒறைக்கலியே, பஞ்சாலை. ஒன்னை நாங்க தேர்ந்தெடுக்கலடி. முன்னால தள்ளிவிட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டோம்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் பஞ்சாலைக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து வள்ளிநாயகிக்கு இடம் விட்டாள்.

வரிசை அசையாமல் நின்றது. லெட்சுமி தன் வாளியைத் தரையில் வைப்பதா வேண்டாமா என்று கையில் பிடித்துக்கொண்டு தவித்தாள். மயிலம்மாள் அவர்களைப் பார்த்துக் கத்தினாள்:

"என்னாங்கடி பாக்கிறீங்க? ஒருத்திய நமக்காகப் பேசுன்னு அனுப்பினா, அவ பேசறப்ப பக்கத்துல நிக்கணும். நிக்க முடியாதுன்னா அதுக்குப் பேரு தேர்தல் இல்ல, பலி குடுக்கிறது!"