வேரில் மாட்டிய பந்து

ஊரப்பாக்கத்து கோகிலவாணி பதிமூன்று வயதில் ஜூனியர் கோல்ஃப் போட்டியில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் நிஷாவை ஜெயித்தாள். அந்த வெற்றியால்தான் அவளுக்கு நல்ல கோச் கிடைத்தார், பிறகு கல்லூரி அணியில் இடமும் கிடைத்தது. நிஷா அத்துடன் விளையாட்டையே விட்டுவிட்டாள்.

போன வாரம் கோகிலா பல்கலைக்கழகக் கோப்பையை வென்றாள். ஊரே பாராட்டியது. அவளோ நாவலூரில் வேலை பார்க்கும் நிஷாவைத் தேடிப் போய், ஆபீஸ் வாசலில் வைத்துச் சொன்னாள்.

"அன்னைக்கு என் பந்து மரத்து வேர்ல மாட்டிக்கிச்சு. யாரும் பாக்கலன்னு காலால நகர்த்திட்டேன்."

"நான் பார்த்தேன் கோகி," என்றாள் நிஷா. "அம்மாகிட்ட சொன்னேன். தோத்துட்டு பொய் சொல்றியான்னு அடிச்சாங்க."

கோகிலா அழுதாள். "மன்னிச்சிடு நிஷா."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அம்மாகிட்ட வந்து சொல்லு."

நிஷாவின் ஸ்கூட்டரில் இருவரும் தாம்பரத்திலிருந்த அவள் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த அம்மா, "வாம்மா சாம்பியன்! பேப்பர்ல உன் போட்டோ பார்த்தேன்" என்று சிரித்தார்.

கோகிலா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கோகிலாவை உள்ளே வரச் சொல்லவில்லை.