இரண்டு பேரையும் பார்த்தவர்

முருகையாவிடம் வந்து தீர்ப்புக் கேட்டது லோகேஸ்வரன்தான். புக்கிட் லாடா தோட்டத்துக் கிரிக்கெட் அணிக்கு அவன்தான் தலைவன், அவன்தான் செயலாளர், பந்து காணாமல் போனால் புதருக்குள் இறங்குபவனும் அவன்தான். வரும்போது கையில் ஒரு பொட்டலம் மீ கோரேங் இருந்தது. சும்மா வருகிற பையன் சாப்பாட்டோடு வரமாட்டான் என்று முருகையா அப்போதே உஷாராகிவிட்டார்.

"அங்கிள், வர்ற ஞாயிறோட அமலண்ணன் ரிட்டையர் ஆகிறாரு."

"ஆகட்டும். நானா கையப் பிடிச்சு வச்சிருக்கேன்?"

"இருபத்தேழு வருசம் லா அங்கிள். பேட்டிங், போலிங் ரெண்டும். பாலாயில போட்டோ மாட்டணும்னு பசங்க கேக்கிறாங்க."

பாலாய் என்பது தோட்டத்தின் பொது மண்டபம். அதன் சுவரில் ஒரே ஒரு ஆட்டக்காரனின் படம்தான் இருந்தது. 1979இல் எடுத்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கால்சட்டையும் தன்னுடையதேயான மீசையுமாக முருகையா அதில் நின்றார். கீழே பெயிண்டில் எழுதியிருந்தது: 'தோட்டத்தின் தலைசிறந்த ஆல்ரவுண்டர்.' பக்கத்துத் தோட்டமான சுங்கை பூலோவுக்கு எதிராக ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டம், ஏழு விக்கெட். எழுபத்தொரு வயதில் மீசை போய்விட்டது, முட்டி போய்விட்டது. அந்த ஒரு வரிதான் மிச்சம்.

"ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டுமே அங்கிள்" என்றான் லோகேஸ்வரன், சமாதானமாக.

"தலைசிறந்தவன் ரெண்டு பேரு எப்படிடா இருப்பான்? எழுத்து எழுதினா அதுக்கு ஒரு அர்த்தம் வேணாம்?"

தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டது முருகையாவுக்குத் தெரிய அரை நிமிடம் ஆயிற்று. லோகேஸ்வரன் அதற்குள் தலையாட்டிவிட்டான்.

"அதுவும் சரிதான். அப்போ ஒருத்தர்தான். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு பாலாயில சாப்பாடு. மைக் குடுப்போம். ரெண்டு பேரு ஆட்டத்தையும் பார்த்தவரு நம்ம தோட்டத்துல இப்போ நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"என் ஆட்டத்த நான் எங்கேடா பார்த்தேன்?"

"உள்ளேருந்து பார்த்தீங்கள்ல."

மூன்றாம் வகுப்போடு நின்ற முருகையாவுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. படித்தவனுக்கும் தெரிந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூலிம் டவுனுக்குப் போனார். பேனர் அடிக்கும் கடையில் பேரனின் பிறந்தநாளுக்கு விலை விசாரிப்பதுபோல நின்றார். அவருக்குப் பேரன் கிடையாது. உள்ளே அமலனின் பேனர் காய்ந்துகொண்டிருந்தது. 'அமலனுக்கு நன்றி' என்று மட்டும் இருந்தது. 'தலைசிறந்த' என்ற சொல்லைக் காணோம். சரி, நேர்மையான பசங்கள்தான் என்று வேறொருவர் திரும்பியிருப்பார். முருகையாவோ, பெயருக்குக் கீழே அவ்வளவு இடம் எதற்கு விட்டிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்து சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டினார்.

வீட்டில் மனைவி ரமணியிடம் சொன்னார்.

"உங்க ஐ.சி. கார்டு நம்பர் கேட்டா பர்ஸத் தொறப்பீங்க. அந்த நூத்திப் பன்னெண்டு மட்டும் மறக்காது" என்றாள் அவள். "அந்தப் பையனுக்குக் குடுத்துட்டுப் போங்களேன். செவுத்துல தொங்கி என்னத்தக் கண்டீங்க?"

"தொங்கிறவனுக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து அவர் அமலனின் குறைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். ஒன்று, பந்து போடும் அழகு. கோழிக்குத் தீனி போடுவது மாதிரி இருக்கும். இரண்டு, நூறு அடித்ததே கிடையாது. எண்பது, எழுபத்தாறு, அறுபத்தொன்பது என்று நின்றுவிடுவான். மூன்று, ஆட்டம் நடக்கும்போது சிரிப்பான். பெரிய ஆட்டக்காரன் எதற்குச் சிரிக்கிறான்? நான்காவது குறை கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அமலன் மாதா கோயிலுக்குப் போகிறவன், குடிப்பதில்லை, கடன் கேட்பதில்லை. குறை வைக்காதவனை எப்படி நம்புவது என்பதை நான்காவதாக வைத்துக்கொண்டார்.

ஆனால் குறை தேடப் போன இடத்தில் வேறொன்றும் கூடவே வந்து நின்றது. முருகையா இருபது வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேலை. அமலன் அங்கே டெக்னீஷியன். இராச் சிஃப்ட் காலை ஏழு மணிக்கு முடியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவனைத் தொழிற்சாலை வாசலிலிருந்து நேரே ஆட்டத் திடலில் இறக்கிவிட்டது இந்த முருகையாதான். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். இறங்கினால் அவனுக்குக் காலில் பேட் கட்டக்கூட நேரம் இருக்காது. அந்தக் காலோடுதான் எண்பதும் எழுபத்தாறும்.

அதை நினைத்தால் 1979 தானாக நினைவுக்கு வந்தது. அதுதான் வம்பு.

அந்த நூற்றுப் பன்னிரண்டு பற்றி அவர் நாற்பத்தைந்து வருடமாகக் கதை சொல்லியிருக்கிறார். சலூனில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அன்றைக்கு விடியும்முன் புக்கிட் லாடாவில் மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது. ஆகவே முருகையாவும் அவர் அணியும் எட்டு மணிவரை போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுங்கை பூலோவில் ஒரு சொட்டு விழவில்லை. அவர்கள் இருட்டிலேயே எழுந்து ஆளுக்கு நானூறு மரத்தில் பால் வெட்டி, காண்டா என்ற காவடிக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு, ஆறு மைல் சைக்கிள் மிதித்து வந்து முருகையாவுக்குப் பந்து போட்டார்கள். தோளே தூக்க முடியாதவன் போட்ட பந்தை அடித்துத்தான் அவர் சுவரில் ஏறினார்.

அது என் குற்றமா, மழையின் குற்றம் என்று அவர் பல தடவை தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வழக்கிலும் நீதிபதி அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணி மீன்பிடி ஊரான கோத்தா கோலா மூடாவிலிருந்து வேனில் வந்தது. வேனிலிருந்து கடைசியாக, கைத்தடியை முதலில் இறக்கி, சின்னையா இறங்கினார். பழைய சுங்கை பூலோக்காரர். 1979இல் விக்கெட் கீப்பர். இப்போது மகன் வீட்டில் மீன் வாசனையோடு இருக்கிறார். மகன்தான் எதிரணிக்குத் தலைவன்.

"இன்னும் இருக்கியாடா?" என்றார் சின்னையா.

"உன்னப் பார்த்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

இருவரும் மரத்தடியில் ஒரே பெஞ்சில், நடுவே இன்னொரு ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்தார்கள்.

முருகையா ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதல் பலித்தது. அமலன் மட்டை பிடிக்க இறங்க, எல்லாரும் எழுந்து கை தட்ட, முதல் பந்திலேயே நடுக்குச்சி பறந்தது. பூஜ்யம். பிறகு பந்து போட வந்து மூன்று ஓவரில் முப்பத்தொன்று கொடுத்தான். ஒரு கேட்ச் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. லோகேஸ்வரன் மட்டும் அறுபத்து நான்கு அடித்து ஜெயிக்க வைத்தான். முருகையாவுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கிய வேகத்தில் பெஞ்சு ஆடியது.

"ஏன் இப்படி ஆட்றே?" என்றார் சின்னையா.

"எறும்பு."

இனி தீர்ப்பு சுலபம். 'நல்ல பையன், நல்ல ஆட்டக்காரன், ஆனா பெரிய நாள்ல நின்னு காட்டணும்' என்று வாக்கியம் தயாராகிவிட்டது. அதை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கலாம் என்று, மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரனிடம் போனார்.

"என்னடா உங்க அண்ணன், கடைசி ஆட்டத்துல முட்டை போட்டுட்டான்?"

லோகேஸ்வரன் நிமிரவில்லை.

"நேத்து எங்க ஃபேக்டரியில இராச் சிஃப்ட் எனக்குத்தான் போட்டிருந்தாங்க அங்கிள். அவருக்குத்தான் ஓஃப் டே. 'நீ இளம்பையன், நீ தூங்கி எந்திரிச்சு வந்து அடி, நான் பார்த்துக்கிறேன்'னு மாத்திக்கிட்டாரு. காலையில ஏழு மணிக்குத்தான் வெளியே வந்தாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவரோட ஃபேர்வெல் ஆட்டம் லா, நான் எப்படி..."

"வாய மூடு" என்றார் முருகையா. திட்டியது அவனை அல்ல. அவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

பாலாயில் அறுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் அமலனும் அவன் மனைவி வனேசாவும். சுவரிலிருந்து 1979 முருகையா கீழே இருக்கிற முருகையாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் கைக்கு வந்தது. தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஒருத்தனும் மறுக்கப்போவதில்லை. பூஜ்யத்தை எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் படிக்காதவன்" என்று ஆரம்பித்தார். "சுத்தி வளைக்கத் தெரியாது. என் நூத்திப் பன்னெண்டு எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும், தெரியும்" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். கேட்டுக் கேட்டுப் புளித்த குரல்கள்.

"தெரியாத ஒண்ணு சொல்றேன்" என்று மழையைச் சொன்னார். எட்டு மணித் தூக்கம், நானூறு மரம், காண்டா வாளி, ஆறு மைல் எல்லாம் சொன்னார். "தூங்கி எந்திரிச்சவன், தூங்காதவன அடிச்ச கதைதான் அது. அமலன் இருபத்தேழு வருசமா தூங்காம வந்து, தூங்கி எந்திரிச்சவங்கள அடிச்சிருக்கான். இன்னிக்கு அவன் முட்டை போட்டதுக்கும் காரணம் அதுதான். கேட்டா லோகேசு சொல்லுவான்."

முருகையாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. உண்மை சொல்வது இவ்வளவு சுகமா என்று இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே சுகமாக இருந்தது. யாரோ கை தட்டினார்கள். "இப்படிச் சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்லா" என்று ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. பெரிய ஆட்டக்காரன் பட்டம் போனால் என்ன, பெரிய மனுஷன் பட்டம் வந்துகொண்டிருந்தது. அதையும் சுவரில் எழுதுவார்களோ என்று அவர் மனம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது.

சின்னையா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"டேய் முருகையா, மழைய எதுக்கு இழுக்கிறே? நாங்க தினம் வெட்டிட்டுத்தான் ஆடுவோம், அது எங்களுக்குப் பழக்கம். நீ ஒம்பதுல அவுட்டுடா. மட்டையில பட்டு என் கையில வந்துச்சு. சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டுச்சு. அம்பயரு உன் தாய்மாமன், உங்க தோட்டத்துல வேலை வாங்குற மண்டோரு. அவரு வானத்தப் பார்த்தாரு. நீயும் கூடச் சேர்ந்து பார்த்தே."

மண்டபம் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற நாய் ஓடிவிட்டது. ரமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முருகையா மைக்கோடு நின்றார். மட்டை காலணியில் பட்ட சத்தம் அது என்று நாற்பத்தைந்து வருடம் தன்னையே நம்ப வைத்திருந்தார். அன்றைக்கு அவர் காலில் காலணியே இல்லை. அந்தப் படத்திலேயே தெரியும். யாரும் உற்றுப் பார்க்காதது அவர் அதிர்ஷ்டம்.

"சரிடா, ஒம்பது" என்றார் மைக்கில். "எழுதிக்கோங்க. என் கணக்கு ஒம்பது. அவன் படத்த மாட்டுங்க. அமலன்தான் பெரியவன். என்னைவிட நூறு மடங்குன்னு சொன்னா எனக்கு ரொம்பப் பெருமை குடுத்ததா ஆயிடும். அவன் பெரியவன், அவ்ளோதான்."

கைத்தட்டல் கூரைத் தகரத்தை அதிர வைத்தது. எல்லாரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். அமலன் நாற்காலியில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தான். மழைக் கதைக்கு முன்னாலிருந்தே தூங்கியிருக்க வேண்டும். ஒரு சொல் அவன் காதில் விழுந்திருக்காது.

வனேசா வெட்கத்தோடு அவன் தோளில் கை வைத்தாள். "அங்கிள், சாரி அங்கிள், எழுப்பிவிட்டுர்றேன்..."

"விடும்மா, எழுப்பாதே" என்றார் முருகையா. "முழிச்சா எனக்காக ரெண்டு நல்ல வார்த்தை சொல்லித் தொலைப்பான். அப்புறம் நான் மறுபடியும் ஆரம்பிச்சிடுவேன்."

மைக்கைச் சின்னையாவின் கையில் திணித்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் போய் நின்றார்.